திருப்பச் சொல்றேன்

சாயங்காலம் ஐந்தே முக்கால். கல்குவாரியைச் சுற்றிக்கொண்டு போகிற ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு ஈ காக்கை இல்லை...

நம் சலூன்காரரின் சகலைக்கு நடந்தது இது. மெக்கானிக். பேரைச் சொன்னால் திரும்ப மாட்டார். ‘கரண்ட்’ என்றால்தான் திரும்புவார். அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

வளைவில் ஒரு பழைய வெள்ளைக் கார். பானெட் திறந்திருந்தது. பக்கத்தில், கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு பெரியவர்.

“எடுக்க மாட்டேங்குது தம்பி. பாத்துக் குடுங்க, உங்களையும் இறக்கி விட்டுடறோம்.”

கரண்ட்டுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் இப்படி ஒரு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். அது திருட்டு வண்டி. இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சூடு கண்ட பூனை.

“யாரு வண்டி?”

“எங்க வண்டிதான்.”

“சரி, உள்ள உக்காந்து சாவியத் திருப்புங்க.”

“திருப்பச் சொல்றேன்,” என்றார் பெரியவர். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை.

அப்படியென்றால் உள்ளே இன்னொரு ஆள். ஏன் இறங்கவில்லை? ஏன் முகத்தைக் காட்டவில்லை? எட்டிப் பார்க்கக் காலெடுத்தார். பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

“உள்ள யாரு?”

“எங்க வீட்டுக்காரம்மா... நீங்க மொதல்ல இதப் பாருங்க தம்பி. இருட்டுது.”

பேட்டரி நன்றாக இருந்தது. பெட்ரோல் வாசனையும் வந்தது. கரண்ட், பிளக்கின் வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்கு ஒரு நூல் தள்ளிப் பிடித்தார்.

“திருப்பச் சொல்லுங்க.”

பெரியவர் வாயே திறக்கவில்லை. ஆனால்... கிர்ர்... கிர்ர்... பொறி வரவில்லை.

காயிலில் டெஸ்ட் பல்பை வைத்தார். எரிந்தது. கோளாறு அதற்கு அப்பால்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பொறியைக் கிளப்புகிற பாயின்ட் கருகிக் கிடந்தது. கரிவாசனையோடு இன்னொரு வாசனை... ஈர மண். மழை பெய்து மூன்று மாதமாகிறது.

உப்புத்தாளால் பாயின்ட்டைத் தேய்த்தார், இடைவெளியைச் சரிசெய்தார், மூடினார். மறுபடியும் வயரைப் பிடித்துத் திருப்பச் சொன்னார்.

டக்... டக்... டக்... நீலப் பொறி.

வயரை மாட்டியதுதான் தாமதம். யாரும் திருப்பச் சொல்லவேயில்லை... வண்டி உறுமிப் பிடித்துக்கொண்டது.

பானெட்டை அறைந்து மூடினார். டிரைவர் சீட் காலி.

குனிந்து ஒளிந்திருக்கிறாளா? கூட்டுக் களவாணிகளா? ஓடிப்போய் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். சீட்டுக்கு அடியில்கூட யாருமில்லை. ரிமோட்டில் கிளம்ப அது இந்தக் காலத்து வண்டியும் இல்லை.

பெரியவர் அந்தப் பக்கமாக ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையும் மடியில். ஹேண்ட்பிரேக் தானாக இறங்கியது... டக்.

“ஏறிக்குங்க தம்பி.” காலி டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுவதுபோல, அத்தனை சாதாரணமாக. “இருட்டுல எப்படி நடப்பீங்க?”

பின்கதவு திறந்தது.

அங்கிருந்து எப்படி ஓடினார், எப்போது வீடு சேர்ந்தார், அவருக்கே தெரியாது. டூல் பையை எடுக்க அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் அப்படி ஓடினார் என்று சலூன்காரர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், பின்சீட்டைப் பற்றிச் சொன்னாராம்.

யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி, சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல... ஓரமாக நகர்ந்தது. அவருக்கு இடம் விட்டு.