அக்காவின் காயத்தில் தேயிலைத் தூள்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

அத்தானின் குரல். படுக்கிறேன். வாயெல்லாம் மணல். முதலில் தூரத்தில் பீரங்கியின் குத்துச் சத்தம். பிறகு தலைக்கு மேல் விசில். பிறகு மண்ணே எழும்பி விழுகிறது. போரின் கடைசி மாசி மாதம். செவ்வாய்க்கிழமை காலை. வன்னியில் கடற்கரையை நோக்கி ஓடுகிறோம். நான், அக்கா ராசாத்தி, அவள் புருஷன் செல்லையா அத்தான். எனக்குப் பதினாறு வயது. பூர்வீகம் பதுளை, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். மலையில் கலவரம் என்று அப்பாவும் அம்மாவும் வன்னிக்கு ஓடி வந்தார்கள். நல்ல இடம் பார்த்தார்கள்.

புகை அடங்குகிறது. அக்கா எழும்பவில்லை. தொடையில் செல் குண்டின் துண்டு. ரத்தம் விட்டுவிட்டுப் பீறிடுகிறது.

அத்தான் சாரத்து மடிப்பை அவிழ்க்கிறார். உள்ளே தேயிலைத் தூள் பொட்டலம். மிச்சமிருந்த கடைசித் தூள். கல்யாணத்துக்கு முன்பு அவர் ஸ்பிரிங்வெளியில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். அங்கே கத்தி பட்டால் தூளை அள்ளி அப்புவார்கள். அதற்கெல்லாம் யாரும் டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. பொட்டலம் முழுவதையும் காயத்தில் கொட்டினார். அதன் மேல் என் துப்பட்டா. அதன் மேல் என் இரண்டு கைகள்.

ரத்தம் நின்றது. என் உள்ளங்கைக்குத் தெரியும். அத்தான் அழுதார். அக்கா தண்ணீர் கேட்டாள்.

பள்ளிக்கூடம் ஒன்றுதான் ஆஸ்பத்திரி. கூரை பாதி இல்லை. மருந்து கட்டுகிறவர் துப்பட்டாவை எடுத்தார். காயம் தெரியவில்லை. கறுப்பாகத் தூள்தான் தெரிந்தது. "என்னத்த அப்பி வச்சிருக்கீங்க!" என்று கத்தினார். கழுவாமல் செல் துண்டை எடுக்க முடியாது. கழுவினார். உறைந்ததெல்லாம் தூளோடு சேர்ந்து வந்தது. மறுபடி ரத்தம். கட்டத் துணி இல்லை. பஞ்சு இல்லை. தன் சட்டையைக் கழற்றிக் கட்டினார். அவரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்குள் அக்கா போய்விட்டாள்.

இப்போது பதுளை டவுனில் இருக்கிறேன். வேதியியல் படித்தேன். சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் ரத்தத்தை நிறுத்தும் காயத்துணி செய்கிறோம். தொழிற்சாலையில் கழித்துப் போடும் தேயிலைத் தூளிலிருந்து துவர்ப்புச் சத்தை வடிக்கிறோம். இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையில் அதைக் கலந்து பருத்தித் துணியில் பூசுகிறோம். ரத்தம் உறைவது பெரிய காரியமில்லை. துணியை எடுக்கும்போது உறைந்ததும் கூடவே வரக்கூடாது. அதில்தான் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆட்டு ரத்தம், கிழித்த இறைச்சி, துணி. எடுத்தால் எல்லாம் சேர்ந்தே வரும். எரிச்சலில் தட்டை வீசியும் இருக்கிறேன். போன வாரம் உப்புத் தண்ணீர் விட்டு எடுத்தோம். துணி மட்டும் வந்தது.

அத்தான் ஸ்பிரிங்வெளி லயத்து அறையில் தனியாக இருக்கிறார். அன்றிலிருந்து அவர் தேத்தண்ணி குடித்ததில்லை. சுற்றிவரத் தேயிலை, குடிப்பது வெறும் சுடுதண்ணீர். தூளை அப்பிப் பொண்டாட்டியைக் கொன்றவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வரும். ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"இதுல தேயிலையா, புள்ள?"

"ஆமாங்க அத்தான். நீங்க போட்டதுதான். தூளா இருந்தா கழுவணும்ல, அதான் துணியில ஏத்திருக்கோம்."

அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கி நின்னுச்சா?"

"நின்னுச்சு. என் கைக்குக் கீழதான் நின்னுச்சு."

"அப்பறம் ஏன் செத்தா?"

இத்தனை வருடம் நானும் அதையேதான் கேட்டிருக்கிறேன். தூளா, கழுவியதா, துணி இல்லாததா என்று.

"செல் அடிச்சாங்க அத்தான். அதான் செத்தா."

அவர் சத்தம் போட்டு அழுதார். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். அவர் குடிக்கவில்லை. ஆறிப்போனது.

இனி யாரும் செத்தவர்கள் கணக்கை மாற்றிச் சொல்லக்கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன். அக்கா ராசாத்தி, இருபத்து நாலு வயது. அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. அதே வகுப்பறையில், என் கண் முன்னால், இன்னும் ஏழு பேர். ஊர், பேர் கேட்க நேரம் இருக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கட்டிய மனிதர், மறுநாள், இன்னொரு செல்லில். ஒரு துப்பட்டா. ஒரு பொட்டலம் தேயிலை.