கிளெண்டாவின் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது

நேரத்துக்குப் பேட்டரி மாற்றாதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அதன் குழலுக்கு அடியில் மாட்டும் விளக்கையும் நல்லதாகத் தேடி வாங்குவார்கள். பேட்டரி மட்டும் ஆயுளுக்கும் ஒன்று போதும். கிளெண்டா அப்படி இல்லை. அவள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அன்று அவள் விளக்கில் இருந்தது புதுப் பேட்டரி, அந்த வாரம் நானே என் கையால் போட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, மேடம். அவளுடைய வக்கீல் செய்தித்தாளில் வேறு மாதிரி பேசியிருக்கிறார். மங்கலான வெளிச்சமாம், அரைகுறைப் பயிற்சியாம். உங்கள் போலீஸ் அறிக்கையிலும் அதே வார்த்தைதான் என்று கேள்விப்பட்டேன். அரைகுறை. இருட்டில் சுடுவதை இந்த மாவட்டத்தில் ஒழுங்காகக் கற்றுத் தருகிறவன் நான் ஒருவன்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ப்ரிம்லியில் இருக்கும் எங்கள் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் பாதி எனக்குச் சொந்தம். மறுபாதி ராய்ஸ் டிபெட்டுக்கு. இருந்தது, என்று சொல்ல வேண்டும். கிளெண்டா சுட்டது அவனைத்தான்.

ராய்ஸைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. மான்கறியும் பீன்ஸும் போட்டு அவன் வைக்கும் சில்லிக்கு ஊரே அடிமை. உறுப்பினர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். என் வகுப்பு நடக்கும்போது கதவைத் திறந்து தலையை நீட்டுவான்.

"என்ன இருட்டு வாத்தியாரே, இன்னைக்கு எத்தனை வௌவாலுக்குப் பாடம்?"

மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் வகுப்பு கடினமானதல்ல. கூடத்தின் பின்பக்க அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. எதிரே ஆள் உயரத்துக்குப் புகைப்படத் தாள்கள் நிற்கும். சில ஆட்களின் கையில் துப்பாக்கி, சிலர் கையில் கைபேசியோ பால் புட்டியோ. துப்பாக்கி விளக்கை ஒரு கணம் எரியவிட்டு, பார்த்து, சுடுவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். நான் கற்றுத் தருவது அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் நிற்பவர்கள் எங்கள் உறுப்பினர்களேதான். வருஷா வருஷம் கூடத்தில் நடக்கும் அக்டோபர் விருந்து முடிந்ததும் ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுப்பது எங்கள் வழக்கம். தன் வயிற்றிலேயே ஓட்டை விழுவதைப் பார்த்துத் தானே சிரிப்பதில் ஒரு குஷி. ராய்ஸ் தன் டிரில்லை, பேட்டரியில் ஓடும் துளைபோடும் கருவியை, கைத்துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் சுடக்கூடாத ஆள். தவறி அவன் படத்தைச் சுட்டவர், மற்ற எல்லோருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும்.

போன வசந்தத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. என் இருட்டறையில் கோடாரி எறியும் விளையாட்டு வைக்க வேண்டுமாம்.

"வெர்ன், உன் கிளாஸுக்கு வர்றதே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு காபிக்கு வர்றானுங்க. கோடாரி எறியறதுக்கு ஜனம் வரிசையில நிக்குதுப்பா. பிறந்தநாள் பார்ட்டி வேற வைக்கலாம்."

"இருட்டுல சுடறது பார்ட்டி இல்ல, ராய்ஸ்."

"அதான் ஒருத்தனும் வரல."

எல்லோர் முன்னாலும் சொன்னான். மறுவாரமே பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வலித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாலு பேரில் ஒருத்தி கிளெண்டா. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள், தனியாக இருப்பவள். வீட்டில் திருடன் புகுந்த பிறகு தூக்கம் போய் என்னிடம் வந்தாள். விளக்கை எரியவிடுவாள், எதிரே ஆள் துப்பாக்கியோடு நிற்பான், இவள் அவனிடம் "சாரி" என்பாள். தாளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மாணவி அவள்தான்.

"என்னால முடியல வெர்ன். பாத்தா பாவமா இருக்கு."

"அது காகிதம், கிளெண்டா."

"காகிதம்தான். ஆனா எல்லாரும் தெரிஞ்ச மூஞ்சியா இருக்காங்களே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அவளுக்கு மட்டும் தனி வகுப்பு வைத்தேன், இலவசமாக. அதற்கென்று ஒரு புதுத் தாள் செய்தேன். ராய்ஸின் பழைய படம்தான். அதே நிற்கும் விதம், அதே சிரிப்பு, அதே முழங்கை மடக்கு. டிரில் இருந்த இடத்தில் மட்டும் கைத்துப்பாக்கி. டிரில்லோடு இருந்த பழைய தாள் கிழிந்துவிட்டது என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

முதல் சில வாரங்கள் அவள் என் உயிரை வாங்கினாள். விளக்கு எரியும், ராய்ஸ் சிரிப்பான், இவள் துப்பாக்கியை இறக்கிவிடுவாள். எத்தனை தடவை சொல்வது? சில நாள் காரில் தனியாக உட்கார்ந்து ஸ்டியரிங்கில் குத்துவேன். ஆனால் அவள் எதிரே ஒருபோதும் குரலை உயர்த்தவில்லை. அவள் சுட்ட அன்றெல்லாம் மேப்பிள் டோனட் வாங்கிக் கொடுத்தேன். நவம்பரில் நன்றி நவிலும் நாள் வருவதற்குள் அவள் கை யோசிப்பதை நிறுத்திவிட்டது. விளக்கு எரிந்தால் குண்டு போய்விடும். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஜனவரியில் பனிப்புயல் அடித்து மின்சாரம் போனது. சாயங்காலம் கிளெண்டா போன் செய்தாள். காற்றில் பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டதாம், நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறாளாம்.

"கரண்ட் போனா அந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தின்னு பேசிக்கறாங்க. ஜாக்கிரதையா இரு. போனை அணைச்சு வை, சார்ஜ் மிச்சமாகும். நான் காலையில வர்றேன்" என்றேன்.

பிறகு கூடத்தின் அடுப்படியில் இருந்த ராய்ஸிடம் போனேன்.

"கிளெண்டா அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. பின்கதவுத் தாழ்ப்பாள் கழண்டு ஆடுதாம். போற வழியில மாட்டிட்டுப் போயேன். நாற்காலிதான் முட்டுக் கொடுத்திருக்கு, தள்ளினா திறந்துக்கும்."

"நீயே போயேன். இருட்டு உன் இலாகாதானே?"

"என் டிரில்லுல சார்ஜ் இல்ல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊருக்கெல்லாம் பேட்டரி மாத்து, பேட்டரி மாத்துங்கற. உன்னுது காலியா?"

டிரில்லை எடுத்துக்கொண்டான். கிளெண்டா வீட்டில் அடுப்பு எரியாதே, திரும்பி வந்ததும் சாப்பிடட்டும் என்று ஒரு டப்பாவில் சில்லியும் ஊற்றிக்கொண்டான். அது அவனாகச் செய்தது. நான் சொல்லவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நாற்காலி நகரும் சத்தம், விளக்கு, இரண்டு குண்டுகள். டப்பா அவன் இடது கையில் இருந்தது. கிளெண்டா டிரில் இருந்த வலது கையைப் பார்த்தாள். இரண்டு குண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில், ஒரு கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். அரைகுறைப் பயிற்சி பெற்றவள் சுட்ட மாதிரியா இருக்கிறது?

நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ எங்கள் கூடத்துக்கு வந்து, காபி குடித்துவிட்டு, நண்பனை இழந்தவன் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவனை அங்கே அனுப்பியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவனாகவே உதவப் போயிருப்பான், அவன் அப்படிப்பட்டவன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. போன வாரம் உறுப்பினர்கள் கூடி என் இருட்டறைக்கு ராய்ஸ் நினைவுக் கோடாரிக் கூடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ராய்ஸைக் கொன்றது நான். அவன் கையில் துப்பாக்கி வைத்த அந்தத் தாள் என் வீட்டுப் பரணில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அதில் எத்தனை துளை என்று. வெளிச்சம் போதவில்லை, பயிற்சி போதவில்லை என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

நேற்று சிறையில் கிளெண்டாவைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பு கரைந்துவிட்டது.

"மூஞ்சி தெரிஞ்சுது வெர்ன். ராய்ஸுன்னு தெரிஞ்சுது. ஆனா கை நிக்கல. உங்ககிட்ட இவ்வளவு படிச்சும் உங்க பேரைக் கெடுத்துட்டேன். உங்க சிநேகிதனைக் கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

மன்னித்துவிட்டேன், மேடம். எனக்கு யார் மேலும் வன்மம் வைக்கத் தெரியாது.