ஒரு முழுச் சுற்று

மாமனார்: ...சொன்னேன்ல, ரயில் மறுபடியும் மலைக்குள்ள போய் உக்காந்துடுச்சு.

மருமகன்: உக்காரலை மாமா. நிக்குது.

மாமனார்: நிக்குதோ உக்காருதோ, வெளிய வரலை. பஸ்ஸா இருந்தா இறங்கித் தள்ளுங்கன்னு சொல்லலாம்.

மருமகன்: முப்பது வருஷமா அதைத்தான் பண்ணீங்களா?

மாமனார்: முப்பத்திரெண்டு. நான் டிரைவர், தள்ள மாட்டேன். தள்ளச் சொல்லுவேன்.

டாக்டர்: என்ன, இந்த வருஷமும் மலைக்குள்ள மாட்டிக்கிச்சா?

மாமனார்: வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு யாருக்கும் பல்லு பிடுங்கலையா?

டாக்டர்: பொம்மை ரயில் கண்காட்சி அன்னிக்கு க்ளினிக் லீவு. நேத்து சாயங்காலமே வந்து பக்கத்து மேஜையில என் ரயிலை செட் பண்ணிட்டேன். பார்க்கலையா? பனிமலையெல்லாம் புதுசு.

மாமனார்: பார்த்தேன். எப்படி அவ்வளவு வெள்ளை?

டாக்டர்: பல் அச்சு எடுக்கிற மாவு.

மாமனார்: அதான். உங்க மலை சிரிக்கிற மாதிரியே இருக்கு.

டாக்டர்: உங்க மலை ஏன் காக்கியா இருக்கு?

மருமகன்: மாமாவோட பழைய யூனிஃபார்ம். பசையில நனைச்சுப் போர்த்தினோம்.

டாக்டர்: அப்போ ரயில் உள்ள போற அந்த ஓட்டை...

மாமனார்: கால்சட்டைக் கால்.

டாக்டர்: கடவுளே. நான்கூட எஞ்சின் ஏன் உள்ள போகத் தயங்குதுன்னு யோசிச்சேன்.

மாமனார்: துவைச்சுதான் போட்டோம்.

டாக்டர்: சரி, ஸ்டேஷன் வாசல்ல எத்தனை பஸ்? ஒண்ணு, ரெண்டு...

மருமகன்: பதினொண்ணு.

டாக்டர்: பிளாட்பாரத்துல நிக்கிறவங்களே நாலு பேர்தான்.

மாமனார்: ரயில் வரலேன்னா அந்த நாலு பேர் எப்படி வீட்டுக்குப் போறது? யாராவது யோசிக்கணும்ல.

மருமகன்: ஒவ்வொரு வாரமும் சட்டைப் பையில ஒரு பஸ்ஸோட வருவார். நான் அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள ஒட்டிடுவார்.

மாமனார்: ஸ்டீயரிங் இல்லாதது ஒரு வண்டியா மாப்பிள்ளை? போட்ட கோட்டுலயே போய், போட்ட கோட்டுலயே வந்து... இதுலபோய் என் பொண்ணு மயங்கினா பாருங்க.

டாக்டர்: அவளுக்கு ரயில்னா உயிராச்சே. அந்தப் பாலம் அவ பண்ணதுதானே?

மருமகன்: பாலம், ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் அவ. மலையும் மரமும் நாங்க.

டாக்டர்: தெரியுது. மரம் என்ன, பாத்திரம் தேய்க்கிற நாரா?

மாமனார்: பச்சையாத்தானே இருக்கு?

டாக்டர்: பச்சையாத்தான் இருக்கு... அவ போயி மூணு வருஷம் ஆகப் போகுதுல்ல?

மருமகன்: அடுத்த மாசம்.

மாமனார்: அந்தக் கொக்கியைக் குடுங்க மாப்பிள்ளை. எஞ்சினை இழுத்துடலாம்.

மருமகன்: இந்தாங்க. மெதுவா... பெட்டி கவுந்துடும்.

மாமனார்: வந்துடுச்சு. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கட்டும், மறுபடி விடலாம்.

டாக்டர்: எஞ்சினுக்கு எதுக்கு மூச்சு? இருங்க, எனக்கு ஒண்ணு புரியலை. வாத்தியாரே, நீங்க காலேஜ்ல என்ன பாடம் எடுக்கறீங்க?

மருமகன்: ...பிசிக்ஸ்.

டாக்டர்: தண்டவாளத்துல கரண்ட் வருது. அதைத் தொட்டுக்கிட்டு எஞ்சின் ஓடுது. ஒரே இடத்துல நிக்குதுன்னா அந்த இடத்துல கரண்ட் இல்லை. சரியா?

மருமகன்: சரி.

டாக்டர்: இதை ஒரு பல் டாக்டர் சொல்லணுமா?

மாமனார்: மாப்பிள்ளை தியரி, டாக்டரம்மா. பிராக்டிகலுக்கு வேற வாத்தியார்.

மருமகன்: ஆமா. வேற ஒருத்தர்.

டாக்டர்: ஞாயித்துக்கிழமைதோறும் இதுலயே கிடக்கறீங்களாமே. என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?

மாமனார்: ரெண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு வந்துடுவேன். தண்டவாளம் துடைப்போம். வண்டியை விடுவோம். உள்ள போய் நின்னுடும். பேசுவோம்.

டாக்டர்: என்ன பேசுவீங்க?

மருமகன்: ஏன் நிக்குதுன்னு.

டாக்டர்: மூணு வருஷமா?

மாமனார்: நடுவுல சாப்பாட்டுக்கு எந்திரிப்போம்.

டாக்டர்: சமையல் யாரு?

மாமனார்: அவர்தான். போன வாரம் குழம்புல உப்பே இல்லை.

மருமகன்: அதுக்கு முந்தின வாரம் ரெண்டு தடவை போட்டேன்ல. கணக்கு சரியாப் போச்சு.

டாக்டர்: நல்லா இருக்கீங்க ரெண்டு பேரும். சரி, வாசல்ல நூலக அம்மா வேனோட நிக்கிறாங்களே, பார்த்தீங்களா?

மருமகன்: பார்த்தேன்.

டாக்டர்: ஒவ்வொரு வருஷமும் வந்து வெறும் வேனை ஓட்டிட்டுப் போறாங்க.

மாமனார்: நாங்க என்ன பண்றது? ஒரு முழுச் சுற்று நிக்காம ஓடின அன்னிக்கே குழந்தைங்க நூலகத்துக்குக் குடுத்துடறேன்னு அவ எழுதிக் குடுத்திருக்கா. ஓடணுமே.

மருமகன்: ஓடாததைக் குடுத்தா அவளுக்குத்தான் கெட்ட பேர்.

மாமனார்: அதைத்தான் நானும் சொல்றேன்.

டாக்டர்: இந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் என்ன ஒத்துமை... ஒண்ணு தெரியுமா? நூலகத்துல அந்த மூலையை இன்னும் காலியாவே வெச்சிருக்காங்க. இந்த வருஷமும் ஓடலேன்னா அங்க மீன் தொட்டியாம்.

மாமனார்: என்ன தொட்டி?

டாக்டர்: மீன் தொட்டி. இப்பதான் அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க. நாளைக்கே ஆள் வந்து அளவெடுக்கிறாராம்.

மாமனார்: ரயில் வைக்க வேண்டிய இடத்துல மீனா?

டாக்டர்: மீன் நிக்காம சுத்துமே. சரி, வண்டியை விடுங்க, நானும் பார்க்கறேன்.

மருமகன்: பச்சை பொத்தான் அழுத்துறேன்... போகுது. பாலம் தாண்டிருச்சு.

மாமனார்: வேகம் நல்லா இருக்கு. இன்னிக்கு வந்துடும் பாருங்க.

டாக்டர்: உள்ள போயிடுச்சு... நின்னுடுச்சு.

மாமனார்: வயசாயிடுச்சு அதுக்கு.

டாக்டர்: போதும். பத்து மணிக்குக் கதவைத் திறப்பாங்க, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. மலையைத் தூக்குங்க, என்னன்னு பார்த்துடலாம்.

மாமனார்: தூக்க முடியாது.

மருமகன்: முடியாது டாக்டர்.

டாக்டர்: ஏன்?

மாமனார்: பலகையோட ஒட்டியாச்சு. நாலு பாட்டில் பசை. தூக்கினா ஊரே வந்துடும்.

மருமகன்: பஸ்ஸெல்லாம் விழுந்துடும்.

மாமனார்: பாத்தீங்களா, மாப்பிள்ளைக்கே பஸ் மேல அக்கறை வந்துடுச்சு.

டாக்டர்: அப்போ ஓட்டை வழியா எட்டிப் பாருங்க.

மருமகன்: இருட்டு. ஒண்ணும் தெரியாது.

டாக்டர்: இவ்வளவுதானே. என் கார்ல சின்னக் கண்ணாடி இருக்கு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி பார்க்கிறது. நெத்தியில கட்டிக்கிற லைட்டும் இருக்கு. கால்சட்டைக் கால் வழியா விட்டுப் பார்த்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

மாமனார்: உங்களுக்கு எதுக்குச் சிரமம்...

டாக்டர்: வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களையே பார்த்தாச்சு. இந்த மலை கடிக்காதுல்ல. அஞ்சே நிமிஷம், வந்துடறேன்.

மருமகன்: டாக்டர், அது வந்து... போயிட்டாங்க.

மாமனார்: வேகமா நடக்கிற பொம்பளை.

மருமகன்: ஆமா.

மாமனார்: மாப்பிள்ளை.

மருமகன்: சொல்லுங்க மாமா.

மாமனார்: அந்தக் கண்ணாடியில எல்லாம் தெரியுமா?

மருமகன்: லைட்டும் கட்டிக்கிட்டா தெரியும்.

மாமனார்: ம்... மீன் தொட்டி வெப்பாங்களா நெஜமா?

மருமகன்: வெப்பாங்கன்னுதான் தோணுது.

மாமனார்: அவ மூணு வருஷம் ராப்பகலா குனிஞ்சே உக்காந்து பண்ணா. அந்தச் சிக்னல் ஒண்ணுக்கே ரெண்டு மாசம். குழந்தைங்க பார்க்கணும்னுதான் பண்ணா.

மருமகன்: தெரியும்.

மாமனார்: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

மருமகன்: கோபமெல்லாம் இப்ப வர்றதில்லை மாமா.

மாமனார்: அதுவும் எனக்குக் கவலைதான்... சரி. ரயில் ரிப்பேர் இல்லை. மலையைப் போர்த்தறதுக்கு முன்னாடி, நீங்க டீ போட உள்ள போயிருந்தீங்க. அப்போ தண்டவாளத்து மேல ஒரு சாண் நீளத்துக்கு டேப் ஒட்டிட்டேன்.

மருமகன்: நீங்களா?

மாமனார்: ஒரு தடவை பெயின்ட் சொட்டி எஞ்சின் நின்னுடுச்சுன்னு என்னை என்ன திட்டு திட்டினா, ஞாபகம் இருக்கா? தண்டவாளத்து மேல ஏதாவது இருந்தா கரண்ட் ஏறாதுப்பான்னு. அன்னிக்குத்தான் இந்த வித்தையைக் கத்துக்கிட்டேன்.

மருமகன்: எதுக்கு மாமா?

மாமனார்: எதுக்கா... மலையை மூடிட்டா வேலை முடிஞ்சுது. ரயில் ஓடும். வேன் வரும், தூக்கிட்டுப் போவாங்க. அப்புறம் நான் எந்தச் சாக்கை வெச்சு உங்க வீட்டுக்கு வர்றது? பொண்ணு இல்லாத வீட்டுக்கு மாமனார் வாராவாரம் வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?

மருமகன்: வந்திருக்கலாம்.

மாமனார்: நீங்க வேற அப்போ வாயே திறக்க மாட்டீங்க. சோறு வெச்சா சாப்பிடுவீங்க, வைக்கலேன்னா கேக்க மாட்டீங்க. ரயில் நின்னப்பதான் மொத மொதல்ல ரெண்டு வார்த்தை பேசினீங்க. ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்க. அதனால நிக்கட்டும்னு விட்டுட்டேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க. டாக்டரம்மா வர்றதுக்குள்ள டேப்பை எடுக்கணும். ஆனா எப்படி எடுக்கிறது? பசையை நாலு பாட்டில் ஊத்தித் தொலைச்சேனே. கையை விட்டா முழங்கை வரைக்கும்தான் போகுது.

மருமகன்: மலையைத் தூக்கலாம் மாமா.

மாமனார்: வராதுங்கறேன்.

மருமகன்: அந்த ஓரத்தைப் பிடிங்க. நான் இந்தப் பக்கம்.

மாமனார்: பிச்சுக்கிட்டுத்தான் வரும்... அட. என்ன இது, மூடி மாதிரி வருது?

மருமகன்: பசை காஞ்சிருக்கும்.

மாமனார்: காஞ்சாத்தானே ஒட்டும்?

மருமகன்: சீக்கிரம் மாமா. டேப்பை உரிங்க.

மாமனார்: இதோ... வருது, வருது. உரிச்சுட்டேன். இந்தத் துணியால ஒரு துடை துடைங்க. ம். மலையை வையுங்க.

மருமகன்: வெச்சாச்சு. கையை எடுங்க.

மாமனார்: அழுத்துங்க.

மருமகன்: நீங்க அழுத்துங்க மாமா.

மாமனார்: நானா... சரி. பச்சைதானே?

மருமகன்: பச்சை.

மாமனார்: கிளம்பிருச்சு. வளைவு... பாலம்... என்ன அழகா பண்ணியிருக்கா பாலத்தை, இன்னிக்குத்தான் பார்க்கற மாதிரி இருக்கு... உள்ள போயிடுச்சு... சத்தம் நிக்கலை.

மருமகன்: நிக்கலை.

மாமனார்: மூக்கு தெரியுது... வந்துடுச்சு மாப்பிள்ளை. ஸ்டேஷனுக்கே வந்துடுச்சு.

மருமகன்: ஒரு முழுச் சுற்று.

டாக்டர்: கண்ணாடி சீட்டுக்கு அடியில போயிடுச்சு, தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள... ஐயோ, ஓடுது. என்ன பண்ணீங்க?

மாமனார்: டாக்டரம்மா வர்றாங்கன்னு சொன்னேன். பயந்துடுச்சு.

டாக்டர்: மறுபடி உள்ள போகுது... மறுபடி வருது. நிக்கவே இல்லை. வாத்தியாரே, அழறீங்களா?

மருமகன்: இல்லை டாக்டர். பசை வாடை.

டாக்டர்: இருங்க, நிறுத்திடாதீங்க. நூலக அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். இந்தத் தடவை வேன் கனமாப் போகப் போகுது.

மாமனார்: போங்க, போங்க... அவ சொன்ன வார்த்தை நின்னுது மாப்பிள்ளை. மீனெல்லாம் ஆத்துல சுத்தட்டும்.

மருமகன்: ஆமா மாமா.

மாமனார்: இந்த டேப் ஒண்ணு, விரல்ல ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது. என் மூக்குக் கண்ணாடியைக் குடுங்க... மாப்பிள்ளை.

மருமகன்: ம்.

மாமனார்: நான் ஒட்டினது நீல டேப். நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்டேஷன் கூரைக்கு அவ வாங்கின டேப்ல மிச்சம். நீலம். இது கறுப்பா இருக்கு.

மருமகன்: நீலத்தை நான் மொத மாசமே மலையைத் தூக்கி எடுத்துட்டேன் மாமா. ரயில் நல்லா சுத்தி வந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன்... அப்போ வாசல்ல நீங்க பெல் அடிச்சீங்க. அவசரத்துக்குக் கறுப்பு டேப்தான் கையில கிடைச்சுது.