முகத்துவாரப் பாடும் பதினாறு ஜி.பி. ரேமும்

தூசி பிடித்த கம்ப்யூட்டரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சிலருக்குச் சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். அந்த ஜாதி நான். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதிக் கொடு என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன், அனிதா மேடம். ஒரு அதிகாரி வந்து தன்மையாகக் கேட்கும்போது மறைப்பது எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் பிரவீன், வயது முப்பத்தொன்று. பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்தேன். எங்கள் குப்பத்து மீனவர் சங்கத்தில் எழுத்து வேலை எல்லாம் என் பொறுப்பு. சங்கம் என்றால் ஷீட் போட்ட ஒரு அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் யாரோ நல்ல மனசுக்காரர்கள் தானமாகக் கொடுத்தது. நல்ல மனசு இருந்த அளவுக்கு அதில் ரேம் இல்லை. நாலு ஜி.பி.

பாடு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், வழக்கே அதைப் பற்றித்தான். ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. ஆளாளுக்கு ஓடினால் அடிதடி ஆகும். அதனால் எந்த நாளில் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பெயர் பாடு. எல்லாப் பாடுகளிலும் உசத்தி கார்த்திகை அமாவாசையை ஒட்டிய மூன்று நாள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில். நாளுக்கு ஒரு வீடு. அறுபத்திரண்டு வீடும் சுற்றி முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு ஆள் தன் ஆயுளில் அதை இரண்டு முறை பார்த்தால் கொடுத்து வைத்தவன்.

அந்த முறை முழுவதும் ஒரு பழைய நோட்டில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சங்கத் தலைவர் வேணு மாமா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். அடுத்து எங்கள் ஊர் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சாமிப் படம் பழசானால் குப்பையில் போடமாட்டோம், முகத்துவாரத்தில் விடுவோம். நோட்டும் அப்படித்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்து, மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டி, படகில் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். மேளம்கூட உண்டு. நான்தான் போட்டோ எடுத்தேன்.

அன்றிலிருந்து ஊருக்குப் பெட்டிதான் எல்லாம். மாதம் ஒருமுறை நான் பட்டியலைத் திறந்து மைக்கில் படிப்பேன், எல்லாரும் கேட்டுக்கொண்டு போவார்கள். மீதி நேரம் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன்.

ஒரு கார் ரேஸ் கேம் இருக்கிறது. பெயர் உங்களுக்கு வேண்டாம், மேடம், பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மழையில் நனைந்த ரோட்டில் வெளிச்சம் பட்டு மின்னுவதை அப்படியே காட்டுவான். எங்கள் பெட்டியில் அதைப் போட்டால் கார் ஒரு அடி போகும், நிற்கும், யோசிக்கும். நொடிக்கு ஒன்பது ஃபிரேம். எனக்கு முன்னால் போன வண்டிக்காரன் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டிருப்பான். நான் முதல் வளைவிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், பெட்டியைப் பிரித்தேன். உப்புக் காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துரு. உள்ளே விசிறியில் ஒரு கைப்பிடி தூசி, மூலையில் பல்லி முட்டை இரண்டு. பிரஷ்ஷால் துடைத்து, ரேமின் தங்க நிறப் பல்லை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்து, பிராசஸருக்குப் புது பேஸ்ட் வைத்தேன். சென்னைக்குப் போய்ப் பதினாறு ஜி.பி. ரேமும், ஒரு எஸ்.எஸ்.டி.யும், அந்தப் பாரம் தாங்குகிற பவர் சப்ளையும், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வாங்கினேன். எல்லாம் என் கைக்காசு. சங்கத்துப் பொருளை நான் கெடுக்கவில்லை, உயர்த்தினேன். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கொஞ்சம் காசு இடித்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். கொடுத்துவிட்டேன். பாடுப் பட்டியலைத்தான் முன்கூட்டியே பென் டிரைவில் போட்டாயிற்றே. சங்கத்துக்கு வந்து எல்லாம் மாட்டி, கேமை ஓட்டினேன். அறுபது ஃபிரேம், மேடம். மழை ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

பென் டிரைவை இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன். நான் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை மட்டும் காப்பி செய்திருக்கிறேன். அளவு ஒரு கே.பி.தான், பட்டியல் உள்ளே இல்லை. வாசற்கதவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டை விற்றுவிட்டு வந்தது மாதிரி. கடைக்குப் போன் செய்தேன். அந்த டிஸ்க்கை அன்றைக்கே அழித்து யாருக்கோ விற்றாயிற்று என்றார்.

உடனே வேணு மாமாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, பெட்டியை ஏன்டா பிரித்தாய் என்பது. அதற்குப் பதில் கார் ரேஸ். முப்பது வயது ஆள் சொல்லக்கூடிய பதிலா அது? ஊரே பதறும், நோட்டைத் தண்ணீரில் விட்ட பெரியவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். அத்தனை பேரைக் கலவரப்படுத்துவதைவிட நானே உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப எழுதுவது நல்லது என்று பட்டது. மாதாமாதம் படித்தவன் என்பதால் முக்கால்வாசி நினைவில் இருந்தது. நினைவில் இல்லாத இடங்களில் யாருக்கும் பெரிய மோசம் வராதபடி பார்த்துப் பெயர் போட்டேன். ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

கார்த்திகைக் கூட்டத்தில் படித்தேன். இரண்டாம் நாள் முகத்துவாரப் பாடு, எங்கள் நைனா பெயர், அதாவது என் அப்பா. நைனாவுக்கே ஆச்சரியம். தன் முறை வர இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறதே என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டார்.

அப்போது எழுந்தவர்தான் தருமன் அண்ணன். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கோலை ஊன்றினால் ஏரியின் அடியில் சேறா மணலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். சத்தமாகப் பேசுகிற ஆளே இல்லை.

"இன்னாபா இது, என் பாடு எங்க?" என்றார். "எங்க நைனா கட்னப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. கூடப் போய்க் கழி நட்டவன் நானு. இந்த வருசம்னு எண்ணிக்கினு இருக்கேன். புது வல வாங்கி வச்சிருக்கேன்பா."

"பொட்டில இருக்கறததாண்ணே படிச்சேன். வந்து பாருங்க" என்றேன். வந்து பார்த்தார். அவர் பெயர் ஒன்பது வருஷம் தள்ளி இருந்தது. இல்லாமல் போகவில்லை, மேடம். தள்ளித்தான் இருந்தது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இந்த மாதிரி வழக்கு கற்பூரத்தில் முடியும். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தருமன் அண்ணன் தன் மகள் மாலா பெயரைச் சொல்லி அணைத்தார். அடுத்து என்னைக் கேட்டார்கள். "பொட்டில என்னா இருக்குதோ அததான் படிச்சேன்" என்று சொல்லி நானும் அணைத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டு பேரில் ஒருவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்று ஊர் நினைத்தது. பெட்டி பொய் சொல்லாது என்பதால் அது அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் விட்டிருக்கலாம். விடாமல், அந்தப் பாடு நாளன்று சாயங்காலம் நைனாவுக்கு முன்னால் போய் முகத்துவாரத்தில் கழி நட்டுப் புது வலையைக் கட்டினார். ஊர் ஆட்கள் போய்ப் பிடுங்கினார்கள், வலை கிழிந்தது. சங்கம் அவரைத் தள்ளி வைத்தது. ஒரு வருஷத்துக்கு ஏரியில் எந்தப் பாடும் கிடையாது, யாரும் அவர் வீட்டுக்குப் போகக்கூடாது, பேசக்கூடாது. அவர் கூடப்பிறந்த தம்பி மாரியே எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தருமன் அண்ணன் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு இறக்கும் வேலைக்குப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர்க்கட்டை மீறி அவரிடம் பேசிய ஒரே ஆள் நான்தான், விசாரித்துப் பாருங்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரவீனு, நீ படிச்ச புள்ள. உண்மையச் சொல்லு. எனக்குத்தான் புத்தி தப்பிப்போச்சா? ஊரே சொல்லுது. பொட்டியும் சொல்லுது. அப்ப எங்க நைனாகூடக் கழி நட்டது எந்த வருசம்? நெசமாவே நட்டேனா?"

அந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? "வயசானா மறதி வர்றதுதாண்ணே. இப்ப அதுக்கெல்லாம் மருந்து இருக்குது" என்றேன். மறுநாளே என் பைக்கில் வைத்துப் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். என்ன பிரச்சினை என்று டாக்டர் கேட்டபோது அண்ணனுக்குச் சொல்ல வரவில்லை, நானே எடுத்துச் சொன்னேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறக்கூடாது என்று அண்ணன் போனில் அலாரமும் வைத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் என் காதில் விழும்.

அடுத்த கார்த்திகைக்கு அவர் சங்கத்துக்கு வந்து, எனக்குத்தான் ஞாபகப் பிசகு, மன்னிச்சிடுங்க என்று விழுந்து கும்பிட்டார். பொய்ச் சத்தியத்துக்கு அம்மனுக்குப் பரிகாரமும் செய்தார். ஊர் சேர்த்துக்கொண்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் படகில் ஏறமாட்டேன் என்கிறார். ஏரியில் வழி மறந்துவிடுமாம். வீட்டைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறார். மாலா பிறந்த நாளை மகளிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறார். படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

நம்பாதவர் அவர் மனைவி அம்பிகா அண்ணி மட்டும். "எங்க கல்யாணப் பந்தியில எத்தினி எல வுழுந்துச்சுன்னு இந்த ஆளு இன்னிக்கும் சொல்லும். இதுக்கா மறதி?" என்று தெருவில் நின்று சத்தம் போடுவார். அவர் எழுதிய மனுவில்தான் நீங்கள் வந்தீர்கள். வந்து, மவுஸைப் பிடித்து, பட்டியல் ஃபைலின் மேல் வைத்து வலது பட்டனைத் தட்டி, அது உருவான தேதியைப் பார்த்தீர்கள். ஆறு வருஷத்துப் பட்டியல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்திருந்தது. எங்கள் ஊரில் அறுபத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம். உங்களைப் பார்த்து எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

நைனா பெயர் ஏன் அங்கே வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஐப்பசியில் அவருக்கும் எனக்கும் சரியில்லை. பொம்மை வண்டி ஓட்டறான்னு ஊருக்கே சொல்றேன், பொட்டிய பழையபடி ஆக்கு என்று தினமும் நச்சரித்தார். கார்த்திகைக்குப் பிறகு பெட்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார், நான் நிம்மதியாக இருந்தேன், கேம் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஒரே ஒரு வீட்டுக்கு ஒன்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

கடைசியாக, தருமன் அண்ணன் பெயர் நான் மறந்துபோன பெயர்களில் ஒன்றா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். நோட்டைப் பார்த்து நான் ஏற்றிய அன்றைக்கு அவர் ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லி, அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தார். எந்த வருஷம் என்று படிக்கச் சொன்னார், நான்கு முறை படித்துக் காட்டினேன். பட்டியலைத் திரும்ப எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததே அந்த வரிதான்.