தாகில் ஊர்ப் பன்னீர்செல்வம்

– மறுபடி சொல்லுங்கண்ணே. மலை மேல என்ன இருக்கு?

– கோயில்.

– அது நம்மூரு மலையில. நிஷ்னி தாகில்ல நரிமலைன்னு ஒரு குன்று, உச்சியில சின்னதா ஒரு காவல் கோபுரம், கீழ ஏரி. நாளைக்குக் காலையில மேனேஜர் ஸ்ரீகாந்த் சார் முன்னாடி கோயில்னீங்கன்னா அந்த ரஷ்யாக்காரன் சிரிச்சிருவான்.

– சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்ப்பா அழகுமலை. 'எங்க ஊரு உலையில அஞ்சு வருஷம் வேலை பார்த்தவனா இவன்'னு கேட்டுட்டான்னா? போன மாசம் பொய் சர்டிபிகேட்டுக்காக ஒரு வெல்டரை ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏத்துனாரே சார், அதே வண்டிதான் எனக்கும். ஃபர்னஸ் ஃபோர்மேன் பன்னீர்செல்வம், கலாஸ், கதை முடிஞ்சுது.

– அதுக்குத்தான படிங்கன்றேன்.

– எல்லாம் திருச்சி ஏஜென்ட் பண்ண வேலை. எக்ஸ்பீரியன்ஸ் எந்த நாட்டுல போடட்டும்னு கேட்டான், தோசைக்கு என்ன சட்னின்னு கேக்குற மாதிரி. அவன் ஆபீஸ்ல கரண்ட் இல்ல, எனக்கு வேர்த்து ஊத்துது. குளிரா ஒரு ஊரா போடுங்கன்னுட்டேன். ரஷ்யான்னா எவனும் போன் போட்டு விசாரிக்க மாட்டான்னு கேரண்டி வேற குடுத்தான். அந்த ஊர்லேர்ந்தே ஒரு இன்ஜினியரைக் கொண்டாந்து இந்தத் துபாய் அல் குசைஸ்ல இறக்குவாங்கன்னு எவன் கண்டான்.

– ஊரை யாரு ஆரம்பிச்சா?

– டெமிடோவ் குடும்பம். ஜார் மன்னருக்குத் துப்பாக்கி செஞ்சு குடுத்த கொல்லன் வம்சம்.

– அவங்க இரும்புல என்ன முத்திரை?

– கீரி.

– கீரி இல்லண்ணே, சோபல். பனிக்காட்டுல திரியும், அது தோலுல பணக்காரங்க கோட்டு தைச்சுப்பாங்க. ரயிலு?

– அப்பனும் மகனுமா சேர்ந்து ரஷ்யாவோட முதல் ரயில் எஞ்சினை அங்கதான் செஞ்சாங்க. நல்லாவும் ஓடுச்சு. அப்புறம் அதை ஓரங்கட்டிட்டு, பழையபடி குதிரையே போதும்னுட்டாங்க. இது மட்டும் மறக்காது எனக்கு. புது கிரேனை வாங்கித் தார்பாய் போட்டு மூடிட்டு, நம்மளத் தூக்கச் சொல்றானே நம்ம கம்பெனி, அதே புத்தி.

– உலகச் சண்டைக் காலத்துல?

– டாங்கி செஞ்சாங்க. அதனால ரொம்ப நாளு வெளிநாட்டுக்காரன் யாரையும் ஊருக்குள்ளயே விடல. இரு, அப்ப நான் எப்படிப் போனேன்?

– அட, கேளுங்கண்ணே. உங்க சர்டிபிகேட்டுப்படி நீங்க போனது தொண்ணூத்தெட்டுல. அதுக்குள்ள கதவத் தொறந்துட்டாங்க.

– பரவால்ல. போகாத ஊருக்குக் கரெக்டான நேரத்துல போயிருக்கேன்.

– கடைசியா ஒண்ணு. வெள்ளைத் துணிய வெளிய காயப்போடுறதுக்கு முன்னாடி என்ன பாப்பாங்க?

– மழையா?

– புகை. உலைப் பக்கத்துலருந்து காத்து திரும்புச்சுன்னா, வெள்ளையா விழுந்த பனிகூடப் பொழுது சாய்றதுக்குள்ள கறுத்துரும். சன்னலத் தொறக்கவும் அப்படித்தான். அங்க பொறந்த பிள்ளைக்குப் புகை எங்கிட்டுப் போகுதுன்னு பாக்கத் தெரிஞ்சப்புறந்தான் மத்ததெல்லாம்.

– அழகுமலை.

– சொல்லுங்கண்ணே.

– இது எங்க படிச்ச?

– கம்ப்யூட்டர் சென்டர்ல.

– நம்ம மெஸ் சுவத்துல எழுதிப் போட்டிருக்கறதையே என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ற ஆளு நீ.

– ஒரு மலையாளத்துப் பய படிச்சுச் சொன்னான்.

– எந்தப் பய?

– ஊருக்குப் போயிட்டான்.

– இல்ல, நான் கேக்குறேன். என் சர்டிபிகேட்டு ஆபீஸ் பீரோவுல தூங்குது. அதுல எந்த ஊர் போட்டிருக்குன்னு மேனேஜருக்கே மறந்துபோச்சு. அந்த ரஷ்யாக்காரன் வந்து நாலு நாள்ல, 'உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கானாமே'ன்னு சார் என்னைக் கூப்பிட்டு அனுப்புறாரு. இந்தக் கதை தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தன் நான். நான் சொல்லல.

– டீ போடவாண்ணே?

– உக்காரு.

– கோவிச்சுக்கிறாதீக. அந்தாளு விக்டரு, வந்த அன்னைக்கு மெஸ்ல தனியா உக்காந்து ரொட்டியப் பிச்சுப் பிச்சு வெச்சுக்கிட்டு இருந்தான். ஒருத்தனும் பேசல. பரிமாறுறவன் நான், பாவமா இருந்துச்சு. எந்த ஊருன்னு கேட்டேன். தாகில்னான். எங்க ரூம்லயே ஒரு தாகில்காரர் இருக்காருன்னுட்டேன். மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சுண்ணே. திரும்பிப் பாத்தா, தட்டோட மேனேஜர் நிக்கிறாரு.

– படுபாவி. அவன் மூஞ்சி மலர என் விசாதான் கெடச்சுதா? அந்தப் பெட்டியக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழு. துணி எடுத்து வைக்கணும்.

– வேண்டாம்ணே. மறுநாளே அவன்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்.

– எந்த உண்மைய?

– நீங்க திருச்சியத் தாண்டுனதே துபாய்க்குத்தான், உலை வேலையே இங்க வந்துதான் கத்துக்கிட்டீங்கன்னு.

– நல்லாயிருப்ப.

– அவன் கோவப்படல. மேசையில பருப்பக் கொட்டி ஏரி வரைஞ்சான். பக்கத்துல உப்புக் குப்பிய வெச்சு நரிமலைன்னான். பாதி இங்கிலீசு, பாதி இந்தி, மிச்சம் கையி. சார் முன்னாடி கேக்கப்போற கேள்வியெல்லாம் பதிலோட சொல்லிக் குடுத்ததே அவன்தான்.

– அவனா? எதுக்கு? இதுல அவனுக்கு என்ன வரும்? ஃபோர்மேன் சீட்டுக்கு அவன் ஆளைக் கொண்டாரப் பாக்குறான் மலை. தப்புத் தப்பா சொல்லிக் குடுத்திருப்பான், நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கணும், சார் கைதட்டணும். வலைப்பா இது.

– நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். நேராவே கேட்டுட்டேன்.

– என்ன சொன்னான்?

– அந்தக் காலத்துல பண்ணையில அடிமையா கெடந்து தப்பிச்சவன், ராஜா ஆளுகளுக்குப் பயந்து ஒளிஞ்சவன், அம்புட்டுப் பேரையும் டெமிடோவ் யாரு எவருன்னு கேக்காம உலையில நிறுத்திக்கிட்டாராம். விக்டரோட முப்பாட்டனே வேற எவனோ ஒருத்தன் பேரச் சொல்லிக்கிட்டு வந்தவராம். 'பொய் சொல்லி உள்ள வந்து, உலை முன்னாடி நின்னு நெசமாவே வேலை கத்துக்கிட்டவன்னா அவன் எங்க ஊர்க்காரன்தான், ஸ்ரீகாந்த்கிட்ட நான் பொய்யே சொல்ல வேண்டியதில்ல'ன்னான்.