பழைய ஆளின் நம்பர்

காலி வீதி பஸ்ஸில், வெள்ளவத்தைச் சந்தையடியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். இளையவர் சொன்ன ஒரு வசனத்தில் என் காது நீண்டுவிட்டது.

“வீடு கூட்டித் துடைக்கப் புதுசா வர இருக்கிறவ என்னட்ட சேர்ட்டிபிகேட் கேக்கிறா, அக்கா.”

“என்ன சேர்ட்டிபிகேட்?”

“முந்தி வேலை செய்த ஆளின்ட நம்பர் வேணுமாம். வீட்டுக்காரர் எப்பிடி எண்டு விசாரிக்கவேணுமாம்.”

“குடுத்தீரோ?”

“பழையவ கோவிச்சுக்கொண்டெல்லோ போனவ. எங்களோட இருக்கிற மாமி, இவரின்ட அம்மாவின்ட நம்பரைக் குடுத்தன். பழைய வேலைக்காரி மாதிரி நல்லதாக் கதையுங்கோ எண்டு மாமிக்கும் சொன்னனான்.”

“மாமி கதைச்சாவோ?”

“முக்கால் மணித்தியாலம். பதினொரு வருசமா அந்த வீட்டில மாடா உழைக்கிறன், நேரத்துக்கு ஒரு தேத்தண்ணி இல்லை எண்டு அழுதிருக்கிறா.”

“ஐயோ! இனி அந்த மனுசி வரமாட்டாவே.”

“வரமாட்டாவாம். ஆனா பாவம் பார்த்து, மாமிக்கு பம்பலப்பிட்டியில நல்ல வீடொண்டு வேலைக்குப் பிடிச்சுக் குடுத்திருக்கிறா.”

நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தது. நான் இறங்கவில்லை.

“மாமி என்ன சொல்றா?”

“ஞாயிறு லீவோ எண்டு கேக்கிறா.”