நாலு பேரை விசாரிப்போம் என்றார்கள்

ஜெனிபர்: …அதெல்லாம் இருக்கட்டும் கண்ணாயிம்மா. என்னை மட்டும் உள்ள உக்கார வெச்சுக் காப்பி குடுக்கறீங்க. இந்தப் பொண்ணு ஏன் வெளிய வெய்யில்ல கல்லு மேல உக்காந்திருக்கா?

கண்ணாயி: அவ அங்கயே இருக்கட்டுங்க மேடம். நீங்க காப்பிய ஆற உடாதீங்க.

ஜெனிபர்: அருணா, உள்ள வாம்மா.

அருணா: வேணாங்க மேடம். இங்கதான்… காத்து நல்லா வருது.

ஜெனிபர்: காத்தா! அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஸ்கூட்டர்ல ஏறி வந்தவ நான். காத்தைப் பத்தி என்னைக் கேளு. காது ரெண்டும் இன்னும் அடைச்சிருக்கு.

கண்ணாயி: கேக்கறதச் சீக்கிரம் கேட்டுப்போட்டுக் கெளம்புங்க மேடம். மொளகு காயப்போட்டிருக்கறேன்.

ஜெனிபர்: விரட்டாதீங்க, கேக்கறேன். குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து வர்றேன்னு போன்லயே சொன்னேன். சின்ன வயசுல இவளை உங்க வீட்டுல வளர்க்க விட்டது எங்க ஆபீஸ்தான். பதினெட்டு வயசு முடிஞ்சதும் அந்த வளர்ப்பு ஆர்டரும் முடிஞ்சுது. கீழ நூல் மில்லுக்குப் போயிட்டா. இப்ப நர்சிங் சீட்டு கெடைச்சிருக்கு. பீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் வழியில்ல, திரும்ப ஆபீஸ் பொறுப்புல எடுத்துக்கங்கன்னு எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கா. சரிதானே?

கண்ணாயி: அவ எழுதுனது அவளுக்குத்தான் தெரியும். எனக்கென்ன வந்துது?

ஜெனிபர்: என்னம்மா இப்படிச் சொல்றீங்க?

கண்ணாயி: எனக்கும் அந்தப் புள்ளைக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்லீங்க.

அருணா: ஆமாங்க மேடம். சண்ட. பெரிய சண்ட.

ஜெனிபர்: எதுக்குச் சண்டை?

அருணா: அது… ஆடு தொலஞ்சு போச்சுங்க. நான்தான் தொலச்சேன்னு சொல்லி வெரட்டிட்டாங்க.

ஜெனிபர்: எப்போ?

அருணா: ரெண்டு மாசமாச்சுங்க.

ஜெனிபர்: ரெண்டு மாசத்துக்கு முன்னால நீ மில்லுல இருந்தே. மில்லு ஹாஸ்டல்ல ஆடு மேய்ச்சியா?

அருணா: இல்லீங்க… அது லீவுக்கு வந்தப்ப…

ஜெனிபர்: சரி. கண்ணாயிம்மா, தொலைஞ்ச ஆடு வெள்ளாடா, செம்மறியா?

கண்ணாயி: என்ற ஊட்டுல ஆடே இல்லீங்க.

ஜெனிபர்: ஐயோ… சிரிப்பு வருது எனக்கு. பேசி வெச்சுக்கும்போது ஆட்டுக்கு ஒரு பட்டியாவது கட்டியிருக்கலாம்ல? அருணா, அந்தப் பையில என்ன?

அருணா: ஒண்ணுமில்லீங்க.

ஜெனிபர்: வாசனை இங்க வரைக்கும் வருது.

அருணா: தைலம்… அம்மாவுக்கு முட்டி வலி. இங்க கெடைக்கறது கேக்க மாட்டேங்குதுன்னு…

ஜெனிபர்: பாருங்கம்மா, அடிச்சு வெரட்டுனவங்களுக்குத் தைலம் வாங்கிட்டு வர்ற புள்ளைய! நான் எங்கயும் பார்த்ததில்ல.

கண்ணாயி: எனக்கு அந்தத் தைலம் வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க மேடம்.

அருணா: அம்மா, மேடம் கண்டுபுடிச்சிட்டாங்க. உடும்மா.

ஜெனிபர்: இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? நெசத்தைச் சொல்லு.

அருணா: செம்மேட்டுல அப்ளிகேசன் அடிச்சுக் குடுத்தவருங்க. ஊடு இருக்குதுன்னு தெரிஞ்சா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க, வெரட்டி உட்டுட்டாங்கன்னு சொல்லுன்னாரு. திங்கக்கெழமைக்குள்ள சேரலீன்னா சீட்டு போயிருமுங்க. பயந்துட்டேன். அம்மாகிட்டப் போன்ல சொன்னேன். அம்மாவும் சரின்னுச்சு.

ஜெனிபர்: அந்த ஆளுக்கு யாரு சட்டம் சொல்லிக் குடுத்தது! கேட்டுக்கோ அருணா. நீங்களும் கேளுங்கம்மா. இருபத்தொண்ணு வரைக்கும் நாங்க பார்த்துக்கலாம். நடுவுல வெளிய போனவங்களும் திரும்பி வரலாம். வளர்த்தவங்க பாசமா இருந்தா அது தப்பே இல்ல. லீவுக்குப் போக இவளுக்கு ஒரு வீடு இருக்குன்னு எழுதுனா எங்க அதிகாரி சந்தோஷமாத்தான் கையெழுத்துப் போடுவாரு.

அருணா: நெசமாங்களா மேடம்? அம்மா! கேட்டியா?

ஜெனிபர்: நெசம்தான். நாடகம் முடிஞ்சுது, உள்ள வா. எனக்குக் காப்பியே தொண்டையில எறங்கல, அவ வெளிய காயறதைப் பார்த்து.

அருணா: வாரேனுங்க.

கண்ணாயி: மேடம்… அவள வாசப்படி தாண்ட வேண்டாமுன்னு சொல்லுங்க.

அருணா: அம்மா, போதும்மா. மேடமே சொல்லிட்டாங்களே.

கண்ணாயி: சொல்லுங்க மேடம்.

ஜெனிபர்: இதென்னம்மா? அவ படிக்கிட்டத்தான நிக்கறா. நேரா அவகிட்டச் சொல்லுங்களேன். வந்ததுல இருந்து பார்க்கறேன், அவகிட்ட ஒரு வார்த்தை பேசல நீங்க.

அருணா: காலைல பஸ்ஸு எறங்கி வந்தப்பவும் பேசலீங்க. நல்லா நடிக்குதேன்னு நான் சிரிச்சுக்கிட்டேன்.

கண்ணாயி: இத நீங்க போன்லயே சொல்லியிருக்கலாமுங்க.

ஜெனிபர்: எதை?

கண்ணாயி: ஊடு இருந்தாலும் எடுத்துக்குவோமுன்னு.

ஜெனிபர்: நீங்க கேக்கலையேம்மா…

கண்ணாயி: கேக்கத் தெரியலீங்க. வெவரம் தெரியாத வயசுல அவள எங்க மடியில கொண்டாந்து போட்டீங்க. காச்சலு, அம்மை, பள்ளிக்கூடம்… எல்லாம் பார்த்தேன். பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு ஒருத்தரு வந்தாரு. இனி உங்களுக்கும் இந்தப் புள்ளைக்கும் ஆபீஸுல கணக்கு முடிஞ்சுதுன்னாரு. அப்பவும் ஏனுங்கன்னு கேக்கல. அந்தப் பேச்சு காதுல உழுந்துதான் பாரமா இருக்கப்புடாதுன்னு அவ மில்லுக்குப் போனா.

ஜெனிபர்: அது நான் இல்லம்மா. எனக்கு முன்னால இருந்தவரு…

கண்ணாயி: ஆரா இருந்தா என்னங்க? வர்றவங்கதான் மாறுறீங்க. வர்றது ஒரே ஆபீஸுல இருந்துதான.

ஜெனிபர்: கோவம் நியாயம்தான்.

கண்ணாயி: கோவமில்லீங்க… வவுறு எரியுது. போன்ல எங்கிட்ட என்ன சொன்னீங்க, நெனப்பிருக்குதுங்களா?

ஜெனிபர்: என்ன சொன்னேன்… வீட்டுக்கு வருவேன், ஊர்லயும் நாலு பேரை விசாரிப்பேன்னு. அது எல்லார்கிட்டயும் சொல்றதுதாம்மா. நான் யாரையும் விசாரிக்கக்கூட இல்ல. நேரா இங்கதான் வந்தேன்.

கண்ணாயி: விசாரிக்கலீங்களா?

ஜெனிபர்: இல்ல.

கண்ணாயி: ஒருத்தரக்கூட?

ஜெனிபர்: மழை வர்றதுக்குள்ள மலை எறங்கணும்னு… ஏம்மா? எதுக்கு இப்படிக் கேக்கறீங்க?

அருணா: அம்மா… ஏம்மா அழுவற? என்னத்தப் பண்ணிவெச்ச?

ஜெனிபர்: கண்ணாயிம்மா, பயப்படாதீங்க. சீட்டு எங்கயும் போகல. நாளைக்கே எழுதி அனுப்பறேன். அவ லீவுக்கு வர்ற வீடுன்னு உங்க பேரைத்தான் போடப்போறேன். ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிடுங்க. பாவம், மூஞ்சியே மாறிப்போச்சு அவளுக்கு.

அருணா: கூப்புடும்மா. திட்டியாச்சும் கூப்புடு.

கண்ணாயி: மேடம்… நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. நான் பேசப்புடாது. நாலு பேர விசாரிப்போமுன்னீங்க. ஒரு பொய்ய நாலு வாயி காப்பாத்துமாங்க? ஒருத்தராச்சும் ஒளறிப்போடுவாங்க, புள்ளைக்குச் சீட்டு போயிருமேன்னு… நெசமாவே பண்ணிப்போட்டேன். நேத்து ஊரக் கூட்டி, ஊர்க்கவுண்டருக்கு முன்னால, இவ எம்மவ இல்லீன்னு துரும்பு கிள்ளிப் போட்டுட்டேனுங்க. புருசன் பொண்டாட்டி அத்துக்கறதும் எங்க ஊருல அப்படித்தான். கிள்ளுன துரும்ப மறுக்கா ஒட்டற வழக்கம் எங்ககிட்ட இல்லீங்க. இனி அவ இந்தப் படி ஏறப்புடாது. என்ற கையால ஒரு வாயி தண்ணி வாங்கப்புடாது. நாளைக்கு நாஞ் செத்தாலும் அவ வந்து அழுவப்புடாது. எம்பேரப் போடாதீங்க மேடம். அவளுக்கு ஆருமே இல்லீன்னு எழுதிக்கங்க. இப்ப அது பொய்யில்லீங்க.